கலகப் புதினங்களும் காசு மதிப்பும்

1953ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ஏஸ் பதிப்பகம் 35 சென்ட் விலையில் ஒரு மலிவுப் பதிப்பு நூலை வெளியிட்டது. ‘ஜங்கி’ என்பது அதன் பெயர். ஆசிரியர் வில்லியம் லீ என்று அட்டையில் அச்சாகியிருந்தது, அது புனைபெயர். எழுதியவர் வில்லியம் பரோஸ். ஏஸ் நிறுவனத்தார் இரண்டு நூல்களை முதுகோடு முதுகு சேர்த்து, ஒன்றுக்கொன்று தலைகீழாக வைத்துக் கட்டி விற்பது வழக்கம். போதைக்கு அடிமையான ஒருவன் தன் கதையைத் தானே சொல்லும் நூலுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இணை என்ன தெரியுமா? போதைப்பொருள் தடுப்பு அதிகாரி ஒருவரின் நினைவுக் குறிப்பு! குற்றவாளியையும் காவலரையும் ஒரே அட்டைக்குள் அடைத்துவிட்டால் யாரும் குறை கூற இயலாது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

படித்து முடித்ததும் வண்டியிலேயே விட்டுச் செல்லத்தக்கதாக அச்சிடப்பட்ட அந்த நூலின் முதற்பதிப்பு இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. நல்ல நிலையிலுள்ள ஒரு படிக்குப் பல நூறு டாலர் கொடுக்க ஆள் உண்டு. அமெரிக்க எதிர்ப்பண்பாட்டு இயக்கத்தார் எழுதிய புதினங்களின் முதற்பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பது அந்நாட்டில் ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவிட்டது. பொருளாசையை இகழ்ந்த நூல்கள் பெரும் பொருளாகிவிட்ட இந்த விந்தையைப் பற்றியும், அதனூடே நம் தமிழ்ப் புதினங்களின், குறிப்பாகத் தமிழ் முஸ்லிம்கள் எழுதிய புதினங்களின், முதற்பதிப்புகள் என்னவாயின என்பதைப் பற்றியும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்புதினங்களுள் தலையாயதாகப் பேசப்படுவது ஜாக் கெரவாக் எழுதிய ‘ஆன் தி ரோட்’. 1951 ஏப்ரலில் ஏறத்தாழ மூன்று வாரங்களில், தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி 120 அடி நீளச் சுருளாக்கி, தட்டச்சுப் பொறியில் இடைவிடாது அடித்து முடித்த கைப்படி அது. நூலாக வந்தது 1957 செப்டம்பரில், வைக்கிங் பதிப்பகத்தின் வழியே. விலை 3 டாலர் 95 சென்ட். வீடு வேண்டாம், வேலை வேண்டாம், வழியே போதும் என்று பாடிய அந்தச் சுருளை 2001இல் ஏலத்தில் எடுத்தவர் அமெரிக்கக் கால்பந்துக் குழு ஒன்றின் உரிமையாளர். கொடுத்த விலை 24 இலட்சம் டாலருக்கு மேல்.

நூலின் மதிப்பில் பெரும்பகுதி அதன் மேலுறையில் இருக்கிறது என்பது சேகரிப்போர் அனைவரும் அறிந்தது. கட்டடம் எவ்வளவு புதிதாயினும் மேலுறை இல்லாத ‘ஆன் தி ரோட்’ விலையில் பன்மடங்கு தாழ்ந்துவிடும். படிப்பவன் முதலில் கழற்றி எறிவது மேலுறையை. ஆகவே, மேலுறையோடு கூடிய புதுக்கருக்கு மாறாத படி என்றால், அதை யாரும் ஊன்றிப் படிக்கவில்லை என்று பொருள். வாசிக்கப்படாமையே விலையாகிறது. ஒரு புதினத்துக்கு இதைவிடப் பெரிய ஏளனம் உண்டோ?

ஆயினும், முதற்பதிப்பைத் தேடுவதை வெறும் செல்வர் விளையாட்டு என்று ஒதுக்கிவிட நான் ஒப்பேன். கென் கெசியின் ‘ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்’ 1962இல் வெளிவந்தபோது அதில் செஞ்சிலுவைச் சங்கத்துப் பெண்ணொருத்தி வந்தாள். அந்தப் பாத்திரம் தன்னைக் குறிக்கிறது என்று ஒருவர் வழக்குத் தொடுக்கவே, பின் வந்த அச்சுகளில் அந்தப் பாத்திரம் மாற்றப்பட்டது. கெசி முதலில் என்ன எழுதினார் என்று அறிய விரும்பும் திறனாய்வாளன் முதல் அச்சைத்தான் நாட வேண்டும். பரோஸின் ‘தி நேக்கட் லஞ்ச்’ 1959இல் பாரிசில் ஒலிம்பியா பதிப்பகத்தாரால் பச்சை நிறத் தாளட்டையோடு, 1500 பிராங்கு விலையில் வெளிவந்தது. 1960 தொடக்கத்தில் பிரெஞ்சு அரசு நாணயத்தை மாற்றி நூறு பழைய பிராங்கை ஒரு புதிய பிராங்காக்கியது. விற்காமல் கிடந்த படிகளின்மேல் புதிய விலை முத்திரை குத்தப்பட்டது. முத்திரை உண்டா இல்லையா என்பதைக் கொண்டே எந்தப் படி முதலில் விலைபோனது, எது தேங்கிக் கிடந்தது என்று கூறிவிடலாம். ஒரு நூல் எப்படி வாழ்ந்தது என்பதை இத்தகைய சிறு தழும்புகள் சொல்கின்றன. அமெரிக்காவில் அது 1962இல்தான் குரோவ் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. பாஸ்டனில் ஆபாச வழக்கைச் சந்தித்து, 1966இல் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்தில் விடுதலை பெற்றது.

இப்புதினங்களின் தகுதி என்ன? நம் இல்லங்களில் இவற்றுக்கு இடமுண்டா என்று கேட்போர்க்கு மழுப்பாமல் விடை கூறுவதே நேர்மை. கெரவாக்கின் உரைநடையில் ஓடும் ஆற்றின் வேகம் இருக்கிறது, ஐயமில்லை. ஆனால் அந்த ஆற்றின் கரையில் விட்டுச் செல்லப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. விடுதலை என்பது ஆடவன் ஒருவன் வண்டியேறிப் போய்விடுவது என்றால், வீட்டில் இருந்து உலை வைப்பவளுக்கு அந்த விடுதலையில் பங்கு என்ன? போதையைப் புகழ்ந்த பக்கங்களைப் பொறுத்தவரை, அந்தப் போதையே அவருடைய ஆயுளை முடித்தது: மதுவால் உடல் கெட்டு 1969இல், 47ஆம் வயதில், கெரவாக் மாண்டார். ஜோசப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ வேறு தரத்தது. 1961இல் வந்த அப்புதினம், போரில் பறக்க மறுப்பவன் அறிவு தெளிந்தவன், ஆகவே பறந்தேயாக வேண்டும் என்ற ஒரு விதியின் வழியே, அதிகாரம் மொழியைக் கொண்டே மனிதனைக் கட்டிப்போடுவதைக் காட்டிவிட்டது. அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக அலைந்தவர் எவரும் அதைப் புரிந்துகொள்வர். அந்த எண்கூட முதலில் 18 என்றுதான் இருந்தது. அதே எண்ணைத் தலைப்பில் கொண்ட வேறொரு புதினம் அவ்வாண்டே வரவிருந்ததால் 22 ஆயிற்று! இன்று அது ஆங்கில அகராதியில் ஒரு சொல்.

‘நேக்கட் லஞ்ச்’ நம்மைத் தனியே நின்று பார்க்கச் சொல்கிறது. அதன் பெரும்பகுதி மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் எழுதப்பட்டது. 1950களின் இடையில் பரோஸ் அங்கு வாழ்ந்தார். சிதறிக் கிடந்த அவரது தாள்களைத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்த 1957இல் கெரவாக்கும் ஆலன் கின்ஸ்பர்க்கும் அங்கு போயினர். பாங்கொலி கேட்கும் ஒரு முஸ்லிம் நகரத்தின் நடுவே அமர்ந்து எழுதிய நூலில் அந்நகரத்து மக்கள் எப்படி வருகிறார்கள்? விலைக்குக் கிடைக்கும் உடல்களாக, போதை விற்கும் கைகளாக, பின்திரையாக. தம் நாட்டின் கட்டுப்பாடுகளை எதிர்த்து ஓடிவந்த கலகக்காரர், இன்னொரு நாட்டின் வறுமையைத் தம் விடுதலைக்குரிய களமாக்கிக்கொண்டார் என்றே நான் கூறுவேன்.

அதே தாஞ்சியரின் தெருக்களில் பசியோடு திரிந்த சிறுவன் ஒருவன் இருந்தான். முகம்மது ஷுக்ரி. 1935இல் பிறந்து, ஏறத்தாழ இருபது வயதில்தான் எழுத்தறிவு பெற்றவர். தம் இளமையின் பசியையும் இழிவையும் மறைக்காமல் அவர் எழுதிய தன்வரலாற்றுப் புதினத்தைத் தாஞ்சியரில் குடியேறியிருந்த அமெரிக்க எழுத்தாளர் பால் போல்ஸ் ஆங்கிலமாக்கினார். அது 1973இல் வெளிவந்தது. பிரெஞ்சில் 1980. அரபு மூலமோ 1982இல்தான் அச்சேறியது. மறு ஆண்டே மொராக்கோவில் தடை செய்யப்பட்டு, 2000ஆம் ஆண்டு வரை தடையிலேயே இருந்தது. அவ்வாறாயின் இந்நூலின் முதற்பதிப்பு எது? ஆங்கிலத்தில் வந்தது காலத்தால் முந்தியது. ஆனால் அது மொழிபெயர்ப்பு. அரபில் வந்தது மூலம். ஆனால் காலத்தால் மூன்றாவது. சந்தை ஆங்கிலப் படியைத் தேடும். ஷுக்ரியின் சொந்த மக்கள் படிக்க முடிந்தது அரபுப் படியை. அதுவும் ஓராண்டு மட்டும். முதற்பதிப்பு என்ற சொல்லை அவ்வளவு எளிதாக நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கின்ஸ்பர்க் 1962இல் இந்தியா வந்து ஓராண்டுக்கு மேல் தங்கினார். அவர் வருவதற்கு முன்பே, 1961இல், வங்காளத்தில் ‘பசித்த தலைமுறை’ இயக்கம் பிறந்துவிட்டது. ஒற்றைத் தாளில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்த கவிதைகளுக்காக 1964இல் அவ்வியக்கத்தினர் கைது செய்யப்பட்டனர். மலய் ராய் சௌதுரிக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டுப் பின்னர் 1967இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. தமிழ்நாட்டிலும் அப்படியொரு வழக்கம் இருந்தது. 1971இல் கோவையில் தோன்றிய ‘வானம்பாடி’ தன்னை விலையிலாக் கவிமடல் என்றே அழைத்துக்கொண்டது. இலவசமாக வந்ததை யார் பத்திரப்படுத்துவார்? விலை போடாத இதழ்களே இன்று கிடைப்பதற்கு அரியவையாக இருக்கின்றன.

தமிழ்ப் புதினத்தில் இப்போக்குக்கு மிக நெருங்கியவர் என்று நான் கருதுவது மதுரை ஜி. நாகராஜனை. கணித ஆசிரியர், ஆங்கிலப் புலமை மிக்கவர், ‘குறத்தி முடுக்கு’ 1963இலும் ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974இலும் வந்தன. நகரத்தின் விளிம்பில் வாழ்வோருள் ஒருவனுடைய ஒரே நாளைச் சொல்லும் பின்னைய நூல், கெரவாக்கின் நூலைவிட அடக்கமானது, அதனாலேயே வலியது. நாகராஜன் யாரையும் வண்டியேற்றி விடுவிப்பதில்லை. அவருடைய மாந்தர்க்குப் போக இடமும் இல்லை, வழியும் இல்லை. நான்கு சுவர்க்குள் நடப்பதை எழுதினால் குடும்பத்தார் படிக்க முடியுமா என்று அன்றைய வார இதழ்கள் அஞ்சிய காலத்தில், அந்நூல் சிறு வட்டத்துக்குள்ளேயே சுற்றியது. ஆசிரியர் 1981இல் மதுரையில் வறுமையில் மறைந்தார். 2010இல் பெங்குவின் நிறுவனம் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. இடைப்பட்ட காலத்தில் அதன் முதற்பதிப்புகள் எத்தனை பழைய தாள் கடைக்குப் போயினவோ!

தமிழில் முதற்பதிப்பைத் தேடுவோன் சந்திக்கும் இடர்கள் தனி வகையின. மேலைநாட்டில் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பார்த்தால் எத்தனையாவது அச்சு என்று அறிந்துகொள்ளலாம். நம் பதிப்பாளர் பலர், வேறொரு பதிப்பகம் முன்பே வெளியிட்ட நூலைத் தாம் முதன்முறையாக அச்சிடும்போதும் ‘முதற் பதிப்பு’ என்றே போட்டுவிடுவர். அவர்களைப் பொறுத்தவரை அது முதற்பதிப்புதான்! ஒரே நூலுக்கு நான்கு முதற்பதிப்புகள் இருப்பதை எந்த நூலக அடுக்கிலும் காணலாம். முந்திய பதிப்பின் ஆண்டையும் முன்னுரையையும் நீக்கிவிடுவதும் உண்டு. ஆகவே ஆண்டை மட்டும் பார்த்து ஏமாறாமல், அச்சகத்தின் பெயர், விலை, எழுத்துருவின் தேய்வு, தாளின் நிறம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஈய எழுத்தில் கோத்த நூலின் பக்கத்தைப் பின்புறமாகத் தடவினால் எழுத்தின் அழுத்தம் விரலுக்குத் தெரியும். ஒளியச்சில் வந்த மறுபதிப்பில் அது தெரியாது. நூலக முத்திரை பதிந்த படியைச் சேகரிப்போர் விரும்புவதில்லை. திறனாய்வாளனுக்கோ அதுவே செல்வம். கிளை நூலகத்தின் நாள் குறிப்புத் தாளில், ஒரு புதினம் எத்தனை முறை வீட்டுக்குப் போய் வந்தது என்ற கணக்கு இருக்கிறது.

எங்கள் கல்லாவியிலிருந்து பழைய நூல் தேடிப் புறப்படுபவனுக்குச் சென்னையைவிடப் பெங்களூரே அருகு. சென்னையின் மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையான பிறகு அங்கு அலைவதிலும் அவ்வளவு பயனில்லை. ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியே எல்லையைக் கடந்தால் அவென்யூ சாலையின் நடைபாதைக் கடைகள் இருக்கின்றன. 1945இல் தொடங்கிய ‘செலக்ட்’ பழைய நூற்கடையின் புகழ் பலரும் அறிந்தது. அமெரிக்கப் புதினங்களின் மலிவுப் பதிப்புகள் அங்குக் குவிந்து கிடக்கும். முதற்பதிப்பு என்பது குதிரைக் கொம்பு. ஆனால் அந்நகரில் நம்மவர் தேட வேண்டியது வேறொன்றும் உண்டு. இப்பகுதி முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் வீட்டு மொழி உருது, பள்ளி மொழி தமிழ். உருதுவில் புதுமை இலக்கியத்துக்குக் களமாக இருந்த ‘சௌகாத்’ இதழைப் பெங்களூரிலிருந்தே நடத்தினார் மஹ்மூத் அயாஸ். எல்லைக்கு இப்பால் நாம் கெரவாக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட அளவுக்கு அதைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை.

சேகரிப்பு என்பது எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதி வந்த ரோஜா முத்தையா, ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. ஆனால் கப்பலேற்றாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தியும் டோரதி கிருஷ்ணமூர்த்தியும் தம் ஊதியத்திலிருந்து உருவாக்கிய ‘ஞானாலயா’, தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளுக்கென்றே பெயர் பெற்றது. இவ்விரு இடங்களிலும் நூலைக் கையில் எடுத்துப் படிக்கலாம். கண்ணாடிப் பேழைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் சமுதாயத்தின் நிலை இதில் வருந்தத்தக்கது. தமிழின் முதற்புதினம் எனப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சாயிற்று. அடுத்த ஆறே ஆண்டுகளில், 1885இல், கண்டி அறிஞர் சித்திலெவ்வை ‘அசன்பே சரித்திரம்’ எழுதி வெளியிட்டார். தமிழ்ப் புதின வரலாற்றின் வாயிலிலேயே ஒரு முஸ்லிம் நிற்கிறார். அந்நூலின் 1885ஆம் ஆண்டுப் படி எத்தனை இல்லங்களில் இருக்கிறது? அரபுத் தமிழில் கல்லச்சில் வந்த நூல்களோ இன்னும் இரங்கத்தக்கவை. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த பாட்டி இறந்ததும், ‘ஏதோ அரபு நூல், காலில் படக்கூடாது’ என்று மரியாதையோடு கிணற்றிலோ மண்ணிலோ சேர்த்துவிடுகிறார்கள். மரியாதையால் அழிந்த நூல்கள் இராமபாணப் பூச்சி தின்றவற்றைவிடக் குறைவல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

அச்சத்தால் அழிந்தவையும் உண்டு. கீழக்கரையில் பிறந்த இன்குலாப், வேரோடு பிடுங்கும் கவிதைகளை எழுதினார். 2016இல் அவர் மறைந்த பின், 2017ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதை அவர் குடும்பத்தார் ஏற்க மறுத்தனர். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் வந்தபோது, ஊர்த் தலைமையின் கொடுமையையும் மூடநம்பிக்கையையும் உள்ளிருந்தே எழுதிவிட்டார் என்று முகம் சுளித்தவர் உண்டு. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வந்தபோதும் அதே சுளிப்பு. நம் வீட்டுக்குள்ளிருந்து எழுந்த எதிர்க்குரல்கள் இவை. தாஞ்சியரின் தெருவை வெளியிலிருந்து பார்த்த பரோஸைவிட, தெருவில் படுத்துறங்கிய ஷுக்ரிக்கே இவர்கள் உறவினர். இக்குரல்களோடு உடன்படுவதும் மறுப்பதும் அவரவர் உரிமை. நூலை வீட்டில் வைத்திராமல் எப்படி மறுப்பது?

மீரானின் அப்புதினத்துக்கு முதற்பதிப்பு எது என்பதும் ஒரு கேள்வியே. 1988ஆம் ஆண்டு நூலைத்தான் எவரும் காட்டுவர். ஆனால் அது அதற்கு முன்பே ‘முஸ்லிம் முரசு’ மாத இதழில் தொடராக வந்தது. குடும்பத்தார் மாதந்தோறும் காத்திருந்து படித்ததும், கோபம் கொண்டதும், அந்த இதழ்களின் பக்கங்களில்தான். எனவே உண்மையான முதற்பதிப்பு, எவர் வீட்டுப் பரணிலோ சணல் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடக்கும் பழைய இதழ்க் கட்டுகளே. அத்தகைய கட்டு வைத்திருப்போர் அதை எடைக்குப் போடுமுன், ஆண்டு, மாதம், எந்தெந்த இதழ் இல்லை என்பதை ஒரு தாளில் எழுதி மேலே செருகி வைக்கலாம். வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் இடையிடையே வைத்தால் பூச்சி அணுகாது. ஆண்டுக்கொரு முறை நிழலில் விரித்து உலர்த்த வேண்டும், வெயிலில் வைத்தால் தாள் நொறுங்கிவிடும். அட்டை கிழிந்திருந்தால் பசைநாடா ஒட்டாதீர்கள். அதன் கறை எழுத்தைத் தின்றுவிடும்.